ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு எந்த சி.டி. மெஷின்?

“அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூணு வருஷம் ஆச்சு. இப்போ மாடி ஏறினா மறுபடியும் நெஞ்சைப் பிடிக்குதாம். ஆஞ்சியோவுக்குப் பதிலா சி.டி.யில பார்த்துடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். எங்க எடுக்கலாம்?”

14 வருடமாக சி.டி. ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். தெரிந்தவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிடும்: “அந்த சென்டர்ல 128 ஸ்லைஸ், இங்க 64தான். 128தானே நல்லது?” அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது, இடது கைக்குப் பரவுகிறது என்றால் எந்த சி.டி.யையும் தேட வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இந்தக் கட்டுரை, நிதானமாக யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு.

என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும். அவருக்கு சர்கம்ஃப்ளெக்ஸ் என்ற ரத்தக்குழாயில் 2.5 மி.மீ. ஸ்டென்ட். வலி வந்ததும் வீட்டில் என்னைக் கேட்காமலே, பக்கத்து ஊரில் ‘128 ஸ்லைஸ்’ என்று பெரிய போர்டு வைத்திருந்த ஒரு சென்டருக்குக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு அவருடைய பல்ஸ் 82. அதைக் குறைக்க யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான டை (சாய மருந்து) ஏற்றி, படம் எடுத்து, மறுநாள் ரிப்போர்ட் வந்தது. மற்ற ரத்தக்குழாய்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். ஸ்டென்ட்டைப் பற்றி ஒரே வரி: உட்புறத்தை மதிப்பிட முடியவில்லை. எதற்காகப் போனோமோ அதற்கு மட்டும் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்ததில்தான் ஸ்டென்ட் பாதி அடைத்திருந்தது தெரிந்தது. காசு போனதுகூடப் பரவாயில்லை. சர்க்கரையோடு இருக்கும் மனிதரின் சிறுநீரகத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை டை போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த ஸ்டென்ட்டை அந்த மெஷினில் பார்க்கவே முடியாது என்று எடுப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஏன் முடியாது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டென்ட் என்பது உலோகக் கம்பி வலையால் ஆன குழல். இன்றைய ஸ்டென்ட்களில் அந்தக் கம்பியின் கனம் 60 முதல் 80 மைக்ரான் வரை. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். இதயத்தைச் சுற்றி 20 செ.மீ. அகலத்துக்குப் படம் எடுத்து, அதை 512 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் 0.39 மி.மீ. அதாவது 390 மைக்ரான். 80 மைக்ரான் கம்பி ஒரு கட்டத்தின் மூலையில் இருந்தாலும், அது உலோகம் என்பதால் அந்தக் கட்டம் முழுவதையும் வெள்ளையாக்கிவிடும், பக்கத்துக் கட்டத்தையும் இழுத்துக்கொள்ளும். இதைத்தான் நாங்கள் ‘ப்ளூமிங்’ என்போம். இருட்டில் எரியும் பல்பைச் சுற்றி ஒளி பரவித் தெரிவதைப் போல, கம்பி தன் கனத்தைவிடப் பல மடங்கு தடித்துத் தெரியும். 3 மி.மீ. ஸ்டென்ட்டின் குறுக்கே மொத்தம் ஏழெட்டுக் கட்டங்கள்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் வெள்ளை பரவிய பிறகு, உள்ளே ரத்தம் ஓடும் வழியில் சுமார் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். 2.5 மி.மீ. ஸ்டென்ட்டில் அதுவும் மிஞ்சாது. ஸ்டென்ட்டுக்குள் சதை வளர்ந்து அடைத்திருக்கிறதா, வெள்ளை பரவி மறைத்திருக்கிறதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதோடு அந்தக் குழல் அசைந்துகொண்டே இருக்கிறது. வலது பக்க ரத்தக்குழாய் ஒரு துடிப்புக்குள் சராசரியாக விநாடிக்கு ஏறக்குறைய 70 மி.மீ. வேகத்தில் ஆடும், இடது முன்பக்கக் குழாய் அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். துடிப்புக்கு நடுவே இதயம் கொஞ்சம் ஓய்வெடுக்கும் நேரத்தைப் பிடித்துத்தான் நாங்கள் படம் எடுக்கிறோம். பல்ஸ் 60 என்றால் அந்த ஓய்வு தாராளமாகக் கிடைக்கும். 80 என்றால் முதலில் சுருங்குவது அந்த ஓய்வு நேரம்தான்.

ஆக, மெஷினிடம் நாம் கேட்பது இரண்டு விஷயம். எவ்வளவு பொடியாகப் பார்க்கும்? எவ்வளவு வேகமாகப் பார்க்கும்? இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஸ்டென்ட்டுக்குப் போதாது.

போர்டில் போட்டிருக்கும் ஸ்லைஸ் எண் இந்த இரண்டையும் சொல்லாது. ஸ்லைஸ் என்பது ஒரு சுற்றில் எத்தனை துண்டுப் படங்கள் கிடைக்கும் என்ற கணக்கு. 64 வரிசை டிடெக்டரை (உடலைத் தாண்டி வரும் எக்ஸ்ரேயைப் பிடிக்கும் பகுதி) வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே புள்ளியைச் சற்று நகர்த்தியோ கணக்கீட்டில் இரட்டித்தோ 128 ஸ்லைஸ் என்று சொல்லும் மெஷின்கள் நிறைய உண்டு. 320 வரிசை உள்ள மெஷினை 640 ஸ்லைஸ் என்பார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, அது ஒரு கணக்கு முறை. ஆனால் ஒரு டிடெக்டர் கட்டத்தின் அளவு 0.6 மி.மீ. ஆகவே இருந்தால் ஸ்டென்ட் 64இலும் 128இலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, மெஷின்களுக்கு வருவோம்.

சாதாரண 64, 128 ஸ்லைஸ் மெஷின்கள்தான் நம் மாவட்டத் தலைநகரங்களில் பெரும்பாலும் இருப்பவை. 64 ஸ்லைஸ் 2004 வாக்கில் வந்தபோதுதான் இதய சி.டி. நம்பகமான பரிசோதனையானது. டிடெக்டர் கட்டம் கம்பெனியைப் பொறுத்து 0.5 முதல் 0.625 மி.மீ. வரை. ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் 0.3 விநாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். படம் உருவாக்க அரைச்சுற்று வேண்டும் என்பதால், ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 150 மில்லி விநாடியோ அதற்கு மேலோ ஆகும். பல்ஸ் 60க்கு இறங்கி, சீராக இருந்தால், 3 மி.மீ.க்கு மேற்பட்ட ஸ்டென்ட்டை இதில் பார்க்கலாம். நான் பல முறை நல்ல படம் எடுத்திருக்கிறேன். இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் ஒழுங்காகத் தயார் செய்த ஆளின் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது அகல டிடெக்டர் மெஷின்கள். தோஷிபாவின் (இப்போது கேனன்) அக்விலியன் ஒன் 2007இல் 320 வரிசையோடு வந்தது. ஒரே சுற்றில் 16 செ.மீ.; முழு இதயமும் ஒரே துடிப்பில் அடங்கிவிடும். ஜி.இ.யின் ரெவல்யூஷனும் அதே 16 செ.மீ. வகைதான். ஒரு சுற்று 0.28 விநாடி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற தாளம் தப்பிய துடிப்பு உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. மற்ற மெஷின்களில் மூன்று நான்கு துடிப்புகளில் எடுத்த துண்டுகளை ஒட்டவைக்கும்போது, ஒட்டு ஸ்டென்ட்டின் நடுவே விழுந்தால் குழாய் முறிந்ததுபோல் தெரியும். இதில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அகலம் கூடியதால் கூர்மை கூடிவிடவில்லை. ஸ்டென்ட்டின் உள்ளே பார்க்க முடிவது ஏறக்குறைய 64 ஸ்லைஸ் அளவில்தான்.

வேகம் வேண்டும் என்றால் டூயல் சோர்ஸ். சீமென்ஸ் 2005இல் கொண்டுவந்தது. ஒரே வளையத்துக்குள் இரண்டு எக்ஸ்ரே குழாய், இரண்டு டிடெக்டர். அரைச்சுற்றுக்குப் பதில் கால் சுற்றிலேயே படம் கிடைத்துவிடும். முதல் மாடலில் 83 மில்லி விநாடி, ஃப்ளாஷ் மாடலில் 75, ஃபோர்ஸ் மாடலில் 66. பல்ஸ் 70, 75 என்று இருந்து, ஆஸ்துமா காரணமாக, பல்ஸைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுக்க முடியாதவர் வந்தால், நான் அவரை இந்த மெஷினுக்குத்தான் அனுப்புவேன். வலது பக்கக் குழாயில் ஸ்டென்ட் இருந்தாலும் அப்படியே. அசைவு நின்றாலே ப்ளூமிங்கும் பார்வைக்குக் கொஞ்சம் அடங்கும்.

கூர்மைக்கு மட்டும் என்று ஒன்று உண்டு: கேனன் 2017இல் ஜப்பானில் வெளியிட்ட அக்விலியன் பிரிசிஷன். டிடெக்டர் கட்டம் 0.25 மி.மீ.; படத்தை 1024 அல்லது 2048 கட்டங்களாகப் பிரிக்கலாம். ஸ்டென்ட்டின் கம்பிகள் தனித்தனியாகத் தெரியும் படத்தை முதன்முதலில் இந்த வகையில்தான் பார்த்தேன். ஆனால் ஒரு சுற்றுக்கு 0.35 விநாடி, அதாவது படத்துக்கு 175 மில்லி விநாடி. பல்ஸ் இறங்கினால்தான் அந்தக் கூர்மைக்கு அர்த்தம். ஓடும் பேருந்தை விலை உயர்ந்த கேமராவில் மெதுவான ஷட்டரில் எடுத்த கதையாகிவிடக் கூடாது.

இந்த இரண்டும் சேர்ந்து வந்தது ஃபோட்டான் கவுண்டிங் சி.டி.யில்தான். சீமென்ஸின் நியோட்டம் ஆல்ஃபாவுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. பழைய டிடெக்டர்களில் எக்ஸ்ரே முதலில் ஒளியாக மாறும், பிறகு மின்சாரமாக மாறும். ஒளி பக்கத்துக் கட்டத்துக்குச் சிதறாமல் இருக்க, கட்டங்களுக்கு இடையே தடுப்புச் சுவர் வேண்டும். கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்கச் சுவரே இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இத்தனை வருடமாகப் பெரும்பாலான மெஷின்கள் 0.5, 0.6இலேயே நின்றன. இதில் கேட்மியம் டெல்லுரைடு என்ற குறைகடத்தி எக்ஸ்ரேயை நேரடியாக மின்துடிப்பாக மாற்றுகிறது. சுவர் தேவையில்லை. வந்து விழும் ஒவ்வொரு எக்ஸ்ரே துகளையும் எண்ணி, அதன் ஆற்றலையும் குறித்துக்கொள்ளும். 0.2 மி.மீ. துண்டுகளில், அதே சமயம் டூயல் சோர்ஸின் 66 மில்லி விநாடி வேகத்தில் இதயத்தை எடுக்க முடிகிறது. 2.5, 2.75 மி.மீ. ஸ்டென்ட்டுக்குள் பார்க்கலாம் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது இந்த மெஷின் வந்த பிறகுதான். எல்லா ஊரிலும் கிடைக்காது, கட்டணமும் கூடுதல். எல்லோருக்கும் இது தேவையும் இல்லை.

ஸ்பெக்ட்ரல் அல்லது டூயல் எனர்ஜி என்று விளம்பரம் செய்யும் மெஷின்களைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். உயர் ஆற்றல் படத்தில் உலோகத்தின் வெள்ளை குறையும் என்பது உண்மை. ஆனால் டையில் இருக்கும் அயோடினின் வெண்மையும் கூடவே மங்கிவிடும். ஸ்டென்ட்டுக்காக மட்டும் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் காகிதத்துக்கு வாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட்டின் பெயரும் ‘3.0 x 28’ என்பதுபோல் இரண்டு எண்களும் இருக்கும். பெரும்பாலும் ஸ்டென்ட் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரையே ஒட்டியிருப்பார்கள். முதல் எண் விட்டம், இரண்டாவது நீளம். முடிவு செய்யப்போவது முதல் எண். மெஷினைத் தேடுவதற்கு முன்னால் இதைத் தேடுங்கள்.

விட்டம் 3.5 அல்லது 4 என்றால், அதுவும் இடது மெயின் குழாயில் என்றால், நல்ல 64 ஸ்லைஸே போதும். தூரத்து ஊருக்கு அலைய வேண்டாம். 3.0 என்றால் அதுதான் எல்லைக்கோடு. நெஞ்சு வலிக்கான 2021ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலும் 3 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள ஸ்டென்ட்களுக்குத்தான் சி.டி.யை நியாயமான வழி என்கிறது. இங்கே பல்ஸ் குறையுமா என்பதைப் பொறுத்து 64 அல்லது டூயல் சோர்ஸ். 3க்குக் குறைவு என்றால் கம்பியின் கனத்தைப் பார்க்க வேண்டும். இருதய சி.டி. வல்லுநர் சங்கம் அதே 2021இல் சொன்னது இது: கம்பி 100 மைக்ரானுக்குக் குறைவாக இருந்து, குழாயின் தொடக்கப் பகுதியில், கிளை பிரியாத இடத்தில் வைத்திருந்தால் யோசிக்கலாம். நான் இன்னும் ஒன்றைச் சேர்ப்பேன்: அதையும் அக்விலியன் பிரிசிஷன் அல்லது ஃபோட்டான் கவுண்டிங்கில் மட்டும் செய்யுங்கள். பெரியப்பா விஷயத்தில் நடந்த தவறு இந்த இடத்தில்தான்.

கம்பியின் கனத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டென்ட்டின் பெயரை வைத்துத்தான். 2003 வாக்கில் வைத்த பழைய சைஃபர் ஸ்டென்ட்டின் எஃகுக் கம்பி 140 மைக்ரான். ஜையன்ஸ் 81. சூரத்தில் தயாராகும் சூப்ராஃப்ளெக்ஸ் குரூஸ் 60, குஜராத்தின் வாப்பியில் தயாராகும் பயோமைம் 65. நம் நாட்டு ஸ்டென்ட்கள் இந்த விஷயத்தில் சி.டி.க்கு ரொம்ப ஒத்துழைக்கின்றன. பிளாட்டினம் கலந்த ஸ்டென்ட்களில் மட்டும் ஒரு சங்கடம். ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் எக்ஸ்ரே திரையில் டாக்டருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் பிளாட்டினம் சேர்க்கிறார்கள். வைக்கும்போது உதவிய அந்தக் குணமே பிறகு சி.டி.யில் வெள்ளையை அதிகமாகப் பரப்பும். கிளை பிரியும் இடத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று நசுக்கி இரண்டு மூன்று அடுக்கு உலோகம் இருந்தால், விட்டம் எவ்வளவு இருந்தாலும் எனக்கு நம்பிக்கை குறைவு.

இன்னொரு வழியையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்: சி.டி.யே வேண்டாம், நேரே கேத்தீட்டர் ஆஞ்சியோ. அறிகுறி பலமாக இருந்து, டி.எம்.டி.யிலும் (ட்ரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி.) மாற்றம் தெரிந்து, ஸ்டென்ட்டும் சின்னது என்றால் சி.டி. வெறும் சுற்றுவழி. ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்தால் அங்கேயே சரிசெய்யலாம். சந்தேகம் இருந்தால் ஓ.சி.டி. என்ற நுண் கேமராவைக் குழாய்க்குள் விட்டு 10, 20 மைக்ரான் அளவில் பார்க்கலாம். எந்த சி.டி.யும் அதன் பக்கத்தில்கூட வராது. அறிகுறி லேசாக இருக்கிறது, ஸ்டென்ட் பெரியது, ‘அடைப்பு இல்லை’ என்று உறுதி செய்துகொண்டால் நிம்மதி என்னும் நிலையில்தான் சி.டி.க்கு மதிப்பு அதிகம். ஸ்டென்ட்டைத் தாண்டி டை ஓடுவது தெரிகிறதே, அப்படியானால் திறந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் சொல்ல முடியாது. முழுக்க அடைத்த ஸ்டென்ட்டின் மறுபக்கத்துக்குப் பக்கக் கிளைகள் வழியாக ரத்தம் வந்து சேர்ந்துவிடும்.

கதிர்வீச்சு பற்றிப் பயப்படுபவர்களுக்குச் சுருக்கமாக: 2007க்கும் 2017க்கும் இடையில் உலக அளவில் இதய சி.டி.யின் டோஸ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஸ்டென்ட்டுக்கு மெல்லிய துண்டுகள் வேண்டும் என்பதால் சற்றுக் கூடும். அதைவிட முக்கியம் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை. போகும் முன் பரிசோதித்துக்கொண்டு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும் படத்தைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் அதை இயக்குபவர் கையில் இருக்கிறது. ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 3 மி.மீ. ஸ்டென்ட், பல்ஸ் 58. வழக்கமான மென்மையான கெர்னலில் (டேட்டாவைப் படமாக்கும் கணக்கு முறை) படத்தை உருவாக்கினால் குறுக்குவெட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரிந்தது. நடுவில் லேசான சாம்பல். ரேடியாலஜிஸ்ட் ‘மதிப்பிட முடியவில்லை’ என்று எழுதத் தயாரானார். அதே டேட்டாவைக் கூர்மையான கெர்னலில், ஸ்டென்ட்டை மட்டும் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு மறுபடியும் உருவாக்கினேன். திரையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான வீச்சை, அதாவது விண்டோ அகலத்தை, 1500க்குத் திறந்தேன். பொட்டு வளையமானது. வளையத்துக்குள் ஒரே சீராக டை. ஒரு பக்கச் சுவரை ஒட்டி மட்டும் பிறை வடிவில் மெல்லிய கறுப்பு. சதை வளரத் தொடங்கியிருந்தது. இதற்காக அந்த மனிதருக்கு ஒரு சொட்டு டைகூட அதிகம் போகவில்லை.

அதனால் முன்பதிவு செய்யப் போன் போடும்போது எத்தனை ஸ்லைஸ் என்று கேட்காதீர்கள். “ஸ்டென்ட் 3.0, பெயர் இது, இடது முன்பக்கக் குழாயில் இருக்கிறது. உங்கள் மெஷினில் உள்ளே தெரியுமா?” என்று கேளுங்கள். டெக்னீஷியனிடமே பேசக் கேளுங்கள், தப்பில்லை. பல்ஸ் குறைக்க மாத்திரை கொடுப்பீர்களா, எத்தனைக்கு இறங்கினால் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். 65க்குக் கீழே வராமல் எடுக்க மாட்டோம் என்று 64 ஸ்லைஸ் சென்டரில் சொன்னால் அவர்களுக்கு வேலை தெரியும். ஸ்டென்ட்டுக்குத் தனியாகக் கூர்மைக் கெர்னல் போடுவீர்களா என்று கடைசியாகக் கேளுங்கள். “தெரியாது, டாக்டர் எழுதிக் கொடுத்தா எடுப்போம்” என்ற பதில் வந்தால் இன்னொரு சென்டருக்குப் போன் போடுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டு ‘மதிப்பிட முடியவில்லை’ என்ற ரிப்போர்ட்டோடு இருக்கிறீர்கள் என்றால், உடனே இன்னொரு ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். உங்களிடம் கொடுத்த டிஸ்க்கில் இருப்பது முடிந்த படங்கள்தான். அவற்றைக் கூர்மையாக்க முடியாது. அதற்கு வேண்டிய மூல டேட்டா மெஷினுக்குள்தான் இருக்கும். அடுத்தடுத்து வரும் ஸ்கேன்கள் சேரச் சேர, சில நாட்களில் அது அழிந்துவிடும். ரிப்போர்ட் வந்த அன்றே அந்த சென்டருக்குப் போன் செய்து, ஸ்டென்ட் பகுதியை மட்டும் கூர்மையான கெர்னலில் மறுபடி உருவாக்கித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பத்து நிமிட வேலை.